குழலும் குரலும்

ஆசிரியர்க்குக் குரலே கருவி. முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிய நான், திடலின் மறுகோடியில் நிற்கும் மாணவனையும் ஒரே விளியில் திரும்பிப் பார்க்கச் செய்வேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையில் ஒரு பிழை இருந்ததைக் கடல்கடந்த நாட்டில், ஒரு வேட்டைக்காரரின் மேசை முன்னேதான் உணர்ந்தேன்.

2017-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பணிபுரியும் என் மகனைக் காணச் சென்றிருந்தேன். அந்நாட்டு நெல்லில் ஏறத்தாழப் பாதி அம்மாநிலத்தில்தான் விளைகிறது. அறுவடை முடிந்த வயல்களையும் நீர் தேங்கிய ஓக் காடுகளையும் நாடி, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் வந்து இறங்குகின்றன. அங்குள்ள ஸ்டட்கார்ட் என்னும் சிறு நகரில் வாத்தின் குரலில் குழலூதும் போட்டி 1936-இல் தொடங்கியது என்றால், அம்மக்களின் ஈடுபாட்டை அறியலாம்.

மகனின் அண்டைவீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். மறுநாள் விடியலில் எங்களை வேட்டைக்கு அழைத்துச் செல்வதாகக் கூறி, மேசைமேல் மூன்று குழல்களை வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஒரு குழாய், அதனுள் செருகிய ஓர் அடைப்பு, அதன்மேல் தக்கையால் இறுக்கிய மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு, அமைப்பு இவ்வளவே. அந்நாக்கு நம் நாகசுரத்தின் சீவாளியை நினைவூட்டியது.

அச்சில் வார்த்த பாலிகார்பனேட் குழல் விலை மலிவானது, எளிதில் உடையாது, பழகுவோர்க்கு ஏற்றது. அக்ரிலிக் குழலோ அடர்த்தி மிக்கது, கடைந்து மெருகேற்றப்பட்டது, விலையும் மிகுதி. நீரும் பனியும் அதை ஒன்றும் செய்வதில்லை. அதன் கூரிய ஒலி காற்றையும் பரந்த நீர்ப்பரப்பையும் கடந்து செல்லும். மூன்றாவது, அவர் தந்தையார் விட்டுச்சென்ற வால்நட் மரக்குழல். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும், பேணாவிட்டால் வெடிக்கும். ஆனால் அதன் ஒலி தணிந்தது; சற்றே கரகரப்பானது; பெட்டை வாத்தின் குரலுக்கு நெருங்கியது. அந்த இனத்தில் உரக்கக் குரலெழுப்புவது பெட்டையே என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

“எதை எடுத்துக்கொள்ளலாம்?” என்று கேட்டார். தயங்காமல் அக்ரிலிக் குழலைக் காட்டினேன். அவர் சிரித்தார். “திறந்த ஏரியென்றால் அதுவே சரி. நாளை நாம் மரங்களுக்கிடையே நிற்போம். வாத்துகள் தலைக்கு மேலேயே இருக்கும். அருகில் இருப்பதை உரக்க அழைத்தால் அது விலகிப் போய்விடும்” என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த என் மகன் ஒன்றும் பேசவில்லை.

விடியுமுன் முழங்கால் நீரில் நின்றோம். வாத்துகள் மரமுடிகளுக்கு மேலே இருமுறை வட்டமிட்டன. முதியவர் மரக்குழலை உதட்டில் வைத்து, இரைதேடும் வாத்தைப்போல் மெல்ல முணுமுணுத்தார். அவை சிறகைக் குவித்துக் கிளைகளினூடே இறங்கின. வெடியோசை எழுந்தது.

பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும்போது, அவ்விலங்கைப் பழந்தமிழர் ‘பார்வை’ என்றனர். உயிருள்ள வாத்துகளை அவ்வாறு பயன்படுத்துவதை அமெரிக்கா 1935-இல் தடைசெய்தது. வாத்து வேட்டையில் பதிவு செய்த ஒலிக்கும் அங்கே தடை உண்டு. எனவே வேட்டைக்காரனுக்குத் தன் மூச்சே துணை. அந்த மென்மை வஞ்சகம் என்பதை நான் மறக்கவில்லை. பச்சைத்தலை ஒன்று நீரில் மிதந்ததைக் கண்டு மனம் கசந்தது. எனினும், வஞ்சகத்திற்கே இத்துணை நிதானம் வேண்டுமென்றால், அன்பிற்கு எவ்வளவு வேண்டும்!

திடலுக்குரிய குரலையே நான் வீட்டிற்கும் கொண்டு சென்றவன். உணவு மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த சிறுவனை, நூறடிக்கு அப்பால் நிற்பவனைப்போல் விளித்தவன். அவன் இப்போது உண்மையிலேயே தொலைவில் இருக்கிறான். திரும்பும் வழியில், காரில், தணிந்த குரலில் அவன் பெயரைச் சொன்னேன். “என்னப்பா?” என்றான். “ஒன்றுமில்லை, சும்மாதான்” என்றேன். அவன் புன்னகைத்தான்.

இளைய ஆசிரியர்களே, உரத்த குரல் தீதன்று. திடலுக்கு அது வேண்டும். ஆனால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வேறொரு குரல் வேண்டும். அதையும் பேணி வைத்துக்கொள்ளுங்கள்.