முன்கண்ணாடி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். என் தந்தைக்கோ லாரி, பஸ், கார் இவற்றின் முன்கண்ணாடி ஒன்றுதான் கண்ணாடி. ஈரோட்டில் ஒரு கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடி மாட்டும் வேலை செய்கிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் சங்கதிக்கு இது தேவைப்படுகிறது.

பெருந்துறை சாலையில் ஒரு பெரியவர் இருக்கிறார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் கல்லூரியின் பழைய மாணவர். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் செய்து விற்ற வண்டி அது. இரண்டே கதவு, 948 சி.சி. என்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, முகவிளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முதலை வாய்போல் திறந்துகொள்ளும்! இதை வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலொட்டி. இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்து புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் அவரே வரைந்தார். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அமைத்ததே அந்த ஸ்பிட்ஃபயர். ஆகவே நம்மூர் ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் காரின் ஒன்றுவிட்ட அண்ணன் எனலாம். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் அந்நாளில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. பெரியவர் இளமையில் அவற்றைப் பார்க்க ரயிலேறிப் போனவராம்.

சென்ற ஆண்டு, கோவையிலிருந்து திரும்பும்போது விஜயமங்கலத்துக்கு அருகில் முன்னே போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்து அந்தக் காரின் முன்கண்ணாடி நொறுங்கிவிட்டது. நல்லவேளையாக, எப்போதோ வாங்கிப் பரணில் பத்திரப்படுத்திய கண்ணாடி ஒன்று பெரியவரிடம் இருந்தது. அதை மாட்டத்தான் அப்பாவை அழைத்தார். உதவிக்கு வரும் பையன் ஊருக்குப் போயிருந்ததால் அப்பா என்னைக் கூட்டிப்போனார்.

இக்காலக் கார்களில் கண்ணாடியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். பழைய வண்டியில் அப்படியில்லை. கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்கை மாட்ட வேண்டும். பீடிங்கின் வெளிக்காடியில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு நுனிகளையும் காருக்குள் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்ததும், வெளியே ஒருவர் உள்ளங்கையால் அமுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல உருவுவார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உட்பக்கம் உட்கார்ந்துகொள்ளும். சொல்லும்போது சுலபம்தான்.

"ரப்பர் வெறச்சிருக்குது கண்ணு. ஒரு மணி நேரம் வெயில்ல கெடக்கட்டும்," என்றார் அப்பா. எனக்கோ மறுநாள் செய்முறைத் தேர்வு. "படிக்கணும்ப்பா, சீக்கிரம்" என்று நச்சரித்தேன். படிப்பு என்று நான் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சே கிடையாது. பத்தே நிமிடத்தில் ரப்பரை எடுத்தார்.

அவர் உள்ளே, நான் வெளியே. மேல் மூலை ஒன்று மட்டும் உட்காராமல் அடம்பிடித்தது. பக்கத்தில் கிடந்த ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன். இரண்டாம் தட்டில் கை வழுக்கி, இரும்பு முனை கண்ணாடியின் விளிம்பில் பட்டது. 'பட்'டென்று ஓர் ஓசை! அடுத்த கணம் கண்ணாடி என்ற ஒன்றே அங்கில்லை. அப்பாவின் தலை, சட்டை, மடி எங்கும் கற்கண்டுபோலத் துண்டுகள்.

ஓசை கேட்டுப் பெரியவர் வெளியே ஓடிவந்தார். நான் வாய் திறக்குமுன் அப்பா கீழே இறங்கி, "என்ற கை தவறிப் போச்சுங்க ஐயா. இதே மாதிரி ஒண்ணு தேடிக் கொண்டாந்து போட்டுத் தர்றனுங்க," என்றார். பெரியவர் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை.

மறுநாள் தேர்வு முடிந்ததும் எங்கள் பேராசிரியரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் இதைக் கேட்டேன். டெம்பர் செய்த கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் இறுகும்போது அதை உள்நோக்கி இழுக்கிறது. வெளியே அமுக்கம், உள்ளே இழுவிசை. அதனால்தான் நடுப்பரப்பு பலத்த அடியைத் தாங்கும், விளிம்பில் ஒரு கூர்முனை பட்டால் முழுவதும் பொடியாகும் என்று அவர் விளக்கினார். அப்பாவின் முகத்தில் ஒரு கீறல்கூட விழாததற்கும் அதுவே காரணம். இன்றைய புதிய கார்களில் முன்கண்ணாடி வேறு வகை: இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு. 1903-இல் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கையிலிருந்து ஒரு குடுவை விழுந்து, உள்ளே காய்ந்திருந்த பூச்சினால் சிதறாமல் நின்றதிலிருந்து பிறந்த யோசனை அது. கை தவறியதில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. எனக்கு?

எம்.எஸ்ஸி. சேர்வதற்கென்று அப்பா சீட்டுக் கட்டி வந்தார். அந்தச் சீட்டைத் தள்ளி எடுத்தார். இருவரும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், பழைய கார்ச் சாமான்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் காலை முதல் கடை கடையாக ஏறி இறங்கினோம். மூன்று மணிக்கு ஒரு கடையின் பின்கட்டில் இரண்டு கண்ணாடிகள் கிடைத்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். அப்பா ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். "இதுல புள்ளி புள்ளியாத் தெரியுது பாரு. இது டெம்பர் போட்டது. அது சாதாக் கண்ணாடிய வளைச்சது, ஒடஞ்சா கத்தி மாதிரி கழுத்தக் கிழிச்சுப்போடும்," என்றார். சாய்த்துப் பார்த்தேன். தெரிந்தது! காற்றடித்துக் குளிர்வித்த தடம். ஆய்வுக்கூடத்தில் இரண்டு போலராய்டு தகடுகளுக்கிடையே வைத்து நாங்கள் பார்க்கும் அந்த உள்தகைவை, அவர் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். விலை ரூ.6,500.

இரவு வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டி. பவானி ஜமக்காளத்தில் சுற்றிய கண்ணாடியை எங்கள் இருவர் மடிமேலும் வைத்துக்கொண்டு ஈரோடு வரை வந்தோம். ஜோலார்பேட்டை தாண்டியதும் அப்பா கண்ணயர்ந்தார். அப்போதும் விளிம்பிலிருந்து அவர் கை நகரவில்லை.

அந்த ஞாயிறன்று ரப்பர் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தது. நான் வழக்கம்போல் வெளியே போய் நின்றேன். அப்பா கதவைத் திறந்து, "நீ உள்ள உக்காரு கண்ணு. கயித்த நீ இழு," என்றார்.

"எனக்கு வராதுப்பா."

"வரும். மெல்லமா, கண்ணாடிக்கு ஒட்டுனாப்புல இழு."

இழுத்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் உள்ளங்கை கயிற்றோடு கூடவே நகர்ந்து வந்தது. அந்த மேல் மூலை வந்தபோது என் கை நின்றுவிட்டது. அவர் அங்கே அமுக்கியபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ரப்பர் 'பொளக்'கென்று உள்ளே உட்கார்ந்தது.

பெரியவர் கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வந்தார், அப்பா வாங்கவில்லை. கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பெரியவர் ஆண்டுதோறும் நம் கல்லூரி மலரைத் தவறாமல் படிப்பவர் என்று கேள்வி. ஐயா, அன்று தவறியது என் அப்பாவின் கையல்ல. இம்மலர் வெளிவந்ததும் உங்களுக்குரிய பிரதியை நானே கொண்டுவந்து தருவதாக இருக்கிறேன்.