கலயத்துக்குள் இருக்கும் கட்டுப்பாடு

பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நிற்பது கொஞ்சம் சுண்ணாம்புதான். கலயத்தின் உட்புறம் அதைத் தடவிப் பாளையில் கட்டினால் விடியலில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். மரமும் பாளையும் அரிவாளும் ஒன்றுதான். எது இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஏறுகிறவனின் கை.

திருவாமாத்தூரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைப் பனைகளில் ஏறிப் பிழைக்கும் எங்களுக்கு அந்தக் கைப்பழக்கம்தான் தொழில். பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நாள் தவறாமல் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் ஊற்று அடைபடும். சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி அளவாகப் பூச வேண்டும். கூடினால் நாக்கு வெந்துவிடும், குறைந்தால் வெயில் ஏறுமுன் நுரை கட்டும். கலயத்தை அன்றன்றைக்குக் கழுவிக் காயவைப்பதும் முக்கியம். நேற்றைய சொட்டு உள்ளே ஒட்டியிருந்தால் இன்றைய சாற்றுக்கு அதுவே உறை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சுண்ணாம்பின் காரத்தில் பெருகுவதில்லை. அதனால்தான் சாறு இனிப்பாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு இட்ட பதநீர் இறக்க அனுமதி உண்டு. ஆனால் பனை உச்சியில் கலயத்துக்குள் எட்டிப்பார்க்க எந்த அதிகாரியும் ஏறி வருவதில்லை. அங்கே சட்டத்தைக் காப்பாற்றுவது பனையேறியின் மனசாட்சி. எங்கள் ஊர் முத்தாம்பிகை அம்மன் சந்நிதியில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச்சத்தியம் செய்ய இன்றும் அஞ்சுவார்கள். காவல் இல்லாத இடத்திலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவது இந்த மண்ணுக்குப் பழகிய நெறி.

அந்த நெறி அற்ற வியாபாரம் என்ன செய்யும் என்பதை எங்கள் மாவட்டமே பார்த்தது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அதேபோல் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் ஆலைகளுக்கான கரைப்பான். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து உயிரையும் எடுக்கிறது. அது ஆலையிலிருந்து குடிப்பவன் கைக்கு வருவதற்குள் பல கைகள் மாறியிருக்கும். அவற்றில் ஒரு கை மறுத்திருந்தாலும் அந்தக் குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

கள்ளுக்கான தடையை நீக்கக் கேட்டுப் பனையேறிகள் போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் அனுமதி வருமுன் நாமே நமக்கு விதி எழுதிக்கொள்ள வேண்டும். பிற மாநிலங்களில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட்டும் டயசிபாமும் கலந்து விற்றுப் பிடிபட்டவர்கள் உண்டு. அப்படி ஒருவர் செய்தாலும் பழி தொழில் முழுவதற்கும் வரும். மாத்திரை, பொடி எதுவும் கலயத்தை அண்டக்கூடாது. இறக்கியதை அன்றே விற்க வேண்டும். சிறுவர்களுக்கும், ஏற்கெனவே போதையில் வந்து நிற்பவருக்கும் கொடுக்கக்கூடாது. தவறுபவரை ஊர்ச் சங்கமே விலக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதநீரை மரத்தடியிலேயே, காலையிலேயே வாங்குங்கள். கலயத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.