28ஆம் சிக்னல்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி. அங்கே ஒரு பருவம் முழுக்க நான் டவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை என் நிரலில் இருந்தது.

மண்டிக் கணக்கு பழைய எழுத்துத் திரை நிரலில் ஓடியது. 24 வரி, 80 எழுத்து. 1978இல் வந்த விடி100 முனையத்தின் அளவு. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, அதைத் தொடவும் யாருக்கும் துணிவில்லை. முதலாளிக்கோ, எடை போடும் இடத்தில் நின்றபடியே பையன்கள் செல்போனில் லாட் விவரம் ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு டெர்மினல் எமுலேஷன் அடுக்கை, இரும்பையில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பழைய நிரல் தன் 24க்கு 80 உலகத்திலேயே இருக்கும். அது வரைவதை இந்த அடுக்கு வாங்கி, போனுக்கு ஏற்ப மடித்துக் காட்டும்.

போனில் கீபோர்டு எழும்பினால் திரை பாதியாகிவிடும். மூடினால் பழையபடி முழுசு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கெர்னல் ‘சிக்விஞ்ச்’ என்ற சிக்னலை அனுப்பும். லினக்ஸில் அதன் எண் 28. 1980களில் பெர்க்லி யூனிக்ஸில் வந்தது. போசிக்ஸ் தரத்துக்குள் நுழைய 2024 ஆகிவிட்டது. புது அளவு என்ன என்பதை அது சொல்லாது. மாறிவிட்டது என்பதோடு சரி. எவ்வளவு என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து வந்தால் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்தும் போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் அசட்டையாக இருந்தேன். சிக்னல் வந்ததும் ஓடுகிற ஹேண்ட்லருக்குள்ளேயே அளவைக் கேட்டு, மேலாக்கில் புது நினைவகம் வாங்கி, திரை முழுவதையும் வரைந்து முடித்தேன். கச்சிதமாக எழுதிவிட்டதாக ஒரு கர்வம் வேறு. ஹேண்ட்லருக்குள் எந்தெந்த ஃபங்ஷனைக் கூப்பிடலாம் என்று லினக்ஸ் கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. மேலாக் அதில் இல்லை. அந்தப் பக்கத்தை நான் படித்துமிருக்கிறேன்.

வீட்டில் எப்படித் திருப்பினாலும் ஓடியது. மண்டியில் எப்போதாவது உறைந்துவிடும்.

“தம்பி, நின்னுபோச்சு” என்பார் முதலாளி.

“டவர் பிரச்சினைங்க, வெளியே போயிட்டுத் திரும்ப வரச் சொல்லுங்க” என்பேன்.

திரும்ப வந்தால் ஓடும். பாதி ஏற்றிய லாட் மட்டும் இருக்காது. என் பேச்சை நம்பி அவர் பையன்களின் சிம்மையெல்லாம் மாற்றினார்.

பங்குனியில் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு நாள், ஒரு விவசாயியின் லாட் பதிவாகாமலே போனது. அவர் பணத்துக்காகச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் எடைச்சீட்டைப் பார்த்து, முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தனுப்பினார்.

அன்று ராத்திரி, உறைந்து நின்ற ஒரு பிராசஸை அப்படியே விடச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஜிடிபி என்ற டீபக்கரை அதோடு இணைத்தேன். ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். மெயின். அதற்கு மேலே, வரியை மடிக்கிற என் ஃபங்ஷன். அதற்கு மேலே மேலாக். அதற்கு மேலே, சிக்னல் ஹேண்ட்லர் அழைக்கப்பட்டதாக ஒரு வரி. பிறகு என் ஹேண்ட்லர். அதற்கும் மேலே, மறுபடி மேலாக். உச்சியில், முதல் மேலாக் போட்ட பூட்டு திறக்கக் காத்திருக்கிறது.

கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பணம் எண்ணுகிறவனை நிறுத்தி, சாவி கிடைத்த பிறகுதான் மேற்கொண்டு எண்ண வேண்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் யாரிடம் போய்க் கேட்பான்? மேலாக் பூட்டைப் பிடித்திருக்கும் அந்த நொடித்துணுக்கில் கீபோர்டு எழும்ப வேண்டும். வீட்டில் நான் ஒருவன் சோதித்தபோது அது வாய்க்கவில்லை. மண்டியில் பத்துப் பதினைந்து போன்கள், நாள் முழுக்க.

திருத்தம் சில வரிதான். ஹேண்ட்லர் ஒரு பைப்பில் ஒரு பைட் எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். மெயின் லூப் கைவேலையை முடித்துவிட்டு, அளவைக் கேட்டு, நிதானமாக வரையும்.

நேரில் போய் நிறுவிக் கொடுத்து, டவர் காரணமில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

“மாசியிலயே பாத்திருக்கலாமே தம்பி” என்றார்.

பார்த்திருக்கலாம். அப்போதும் அதே ஜிடிபி என்னிடம் இருந்தது. அடுத்த பட்டத்துக்கு அவர் வேறொருவரின் மென்பொருளுக்கு மாறிவிட்டார். பராமரிப்புப் பாக்கியை நான் கேட்கவில்லை. அந்தச் சிம்களுக்கு ஆன செலவை அவரும் கேட்கவில்லை.