ரிவர்ஸ் லைட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலையில் இருந்தவரை சைக்கிள், அப்புறம் ஒரு மொபெட், இப்போது பஸ். அப்படிப்பட்டவன் ஸ்போர்ட்ஸ் காரின் ரிவர்ஸ் லைட்டைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள்.

கார் என் தம்பியுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பி வந்தவன். சான் ஸ்டார்ம் என்று இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார் ஒன்று 1990களின் கடைசியில் நம் நாட்டில் வந்தது, சிலருக்கு நினைவிருக்கும். வடிவமைத்தது பிரெஞ்சுக்காரர்கள், இஞ்சின் ரெனோ, மேல்கூடு ஃபைபர் கிளாஸ். அதில் ஒன்றைப் பழையதாக வாங்கி, பொம்மையார்பாளையத்தில் என் வீட்டுச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினான். வழவழப்பாகச் சிவப்பு நிறத்தில் அது நிற்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடுவார்கள்.

போன மாசியில் ஒரு நாள் இருட்டிய நேரம். ஈ.சி.ஆர். பக்கம் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தான். லைட் எரியவில்லை. மீன் விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா சந்து ஓரத்தில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கார் கூடையை நசுக்கிவிட்டு நின்றது. "இன்னும் ஒரு முழம் வந்திருந்தா நான் போயிருப்பேன்யா" என்றார் அந்த அம்மா. கூடைக்கு மேல் பணம் கொடுத்தும் அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பல்பைக் கழற்றிப் பார்த்தார், நல்ல பல்பு. பியூஸும் போகவில்லை. கியர் பாக்ஸில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் விழுந்தால் அது அழுந்தி லைட்டுக்குக் கரண்ட் விடும். அதன் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பார்த்தார், அப்போதும் எரியவில்லை. பிறகு டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரிலும், மறுமுனையைப் பக்கத்திலிருந்த ஒரு போல்ட்டிலும் வைத்தார். இருட்டு. "கரண்டே வரலை சார். முழு வயரிங்கும் மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். தம்பி சரி என்று தலையாட்டிவிட்டான்.

எனக்கு அந்த போல்ட் உறுத்தியது. கல்வே காலேஜில் எங்கள் பிசிக்ஸ் வாத்தியார் பலகையில் ஒரு வட்டம் போட்டு, "சிர்க்யுயி ஃபெர்மே!" என்று மேசையைத் தட்டுவார். போன கரண்ட் திரும்பி வர வழியிருந்தால்தான் விளக்கு. சாதாரணக் காரில் இரும்புக் கூடே அந்தத் திரும்பும் வழி. நம்மவர்கள் எர்த் என்பதை பிரெஞ்சில் 'மாஸ்' என்பார்கள். ஆனால் இந்தக் காரின் மேல்கூடு ஃபைபர். ஃபைபரில் இருக்கிற போல்ட்டும், மரப்பலகையில் அடித்த ஆணியும் ஒன்றுதான். அதில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் எப்படி எரியும்?

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த முனையை பேட்டரி நெகட்டிவிலிருந்தே ஒரு நீள வயர் போட்டு வச்சுப் பாருங்க" என்றேன். ரிடையர்டு கிளார்க்கு நமக்குச் சொல்லித் தருவதா என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வைத்தார். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது; திரும்பிப் போகத்தான் வழியில்லை.

ஹோல்டரிலிருந்து போகும் கறுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனோம். அடியில் இரும்புச் சட்டத்தில் ஒரு வளையமாக முறுக்கியிருந்தது. மேலே பச்சைக் களிம்பு, கீழே துரு. எங்கள் ஊர் உப்புக்காற்று வீட்டுச் சன்னல் கம்பிகளையே தின்றுவிடும், இது எம்மாத்திரம்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். லைட் எரிந்தது. அவர் கேட்டது ஒரு மணி நேரக் கூலி மட்டும். நல்ல மனுஷன்.

சாயங்காலம் தம்பி காரில் உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டான். நான் பின்னால் போய் அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றேன். வேட்டியெல்லாம் வெளிச்சம்.

"எரியுதா அண்ணே?"

"எரியுதுடா. நான் எத்தனை விரல் காட்டுறேன் சொல்லு."

திரும்பிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"வெளிச்சம் தெரியுது அண்ணே. நீ நிக்கிறதுதான் புகை மாதிரி இருக்கு" என்றான்.

ஒரு வருஷமாகவே அப்படித்தானாம். சொன்னால் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இடது கண் அடுத்த மாதம்.

அதுவரை கார் சாவி என் வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. தினமும் காலையில் காபிக்கு வருகிறவன் முதலில் அதைத்தான் பார்க்கிறான்.