நாமினி யாரு?

கவுன்டரில் உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பேன், "நாமினி போட்டாச்சா?" என்று. என் டெபாசிட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் ரொம்ப நாள் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயம்!

2016ல் புரமோஷனோடு கொல்கத்தா வந்தேன். அவர் சென்னையில். "ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்" என்றார். முதல் வருடம் தினமும் போன். அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்க. சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட தேவலை. 2018 கடைசியில், "பிரிஞ்சிடலாமே" என்றார்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி பரஸ்பர சம்மதத்தில் பிரிவதற்கு இரண்டு கட்டம். நடுவில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமா என்றார் வக்கீல். "வேண்டாம் சார், முறைப்படியே போகட்டும்" என்றேன், பெரிய சட்டம் தெரிந்தவள் மாதிரி. உண்மையில் ஒரு நப்பாசை. ஆறு மாதத்தில் ஒரு போன் வராதா என்று...

வரவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாளே லீவு போடாமல் ஆபீஸ் போனேன். அழவில்லை. தைரியசாலி என்று நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது. வாழைக்காய் வறுவல் பிடிப்பது அவருக்கு, எனக்கு இல்லை! அங்கேயே உடைந்துவிட்டேன். கடைக்காரர், "கீ ஹோலோ தீதி?" என்று பதறி ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

மறுநாள் என் டெபாசிட்டுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் பெயர். விவாகரத்தானால் வங்கியில் நாமினி பெயர் தானாகப் போய்விடாது, நாம்தான் மாற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்! டிஏ3 படிவத்தை எடுத்து அம்மா பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் கை கொஞ்ச நேரம் நின்றது. அத்தனை வருடமும் "கணவர்" என்று எழுதிய இடம். சொந்தக் கணக்கை நாமே பாஸ் பண்ணக் கூடாது. பக்கத்து சீட் அதிகாரி ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ் பண்ணிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு எழுபத்து மூணு வயசுடி. உனக்கு நான் நாமினியா? கூறுகெட்டவளே!" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று!

தைரியம் எனக்கு ஒரே நாளில் வரவில்லை. பி.எஃப்., இன்ஷூரன்ஸ், காஸ் புத்தகம் என்று ஒவ்வொன்றாக மாற்ற மாற்றத்தான் வந்தது. இப்போது மார்க்கெட்டில் எனக்குப் பிடித்த கத்தரிக்காய்தான் வாங்குகிறேன்.

அது சரி, உங்க நாமினி யாரு? கடைசியா எப்போ பார்த்தீங்க?