வழுவிய இடமும் வீழ்ந்த இடமும்

மொழியில் நேரும் வழுக்களை இலக்கணகாரர் ஏழாக வகுத்தனர். அவற்றுள் ஒன்று கால வழு. ‘நாளை வந்தான்’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. கணனித் துறையில் நேரும் பிழைக்கும் வழு என்ற சொல்லையே இன்று நாம் வழங்குகின்றோம். அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை, இயக்க முறைமையொன்றின் கருவில் நேர்ந்த வழுவைத் தேடியபோது நான் நன்கு உணர்ந்தேன்.

நினைவகத்தைப் பங்கிடுவதும், செயலியின் நேரத்தை வகுப்பதும், வன்பொருளை ஆள்வதும் கருவின் பணிகள். சாதாரண நிரலொன்று வீழ்ந்தால் இழப்பு அதனோடு நிற்கும். கரு வீழ்ந்தாலோ பொறி முழுவதும் வீழும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு தொடக்கிய லினக்ஸ் கரு இன்று பெருங்கணனிகளிலும் அன்ட்ரொயிட் கைப்பேசிகளிலும் இயங்குகின்றது. ஆதலின் அதன் வழு எவரோ ஒருவருடைய தொல்லை அன்று.

இத்தகைய கருவை, மனிதர் எண்ணிச் செய்யும் சோதனைகள் மட்டும் காக்கமாட்டா. 1988 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தம் மாணவருக்கு விந்தையான பயிற்சியொன்றைக் கொடுத்தார். ஒழுங்கற்ற எழுத்துக்களை யுனிக்ஸ் நிரல்களுக்கு ஊட்டி, எவை வீழ்கின்றன எனக் காண்பதே அது. ஏறத்தாழ நான்கில் ஒன்று வீழ்ந்தது, அல்லது முடங்கியது. அம்மரபில் வந்த சிஸ்காலர் என்னும் கருவி, கருவிடம் விடுக்கும் அழைப்புக்களைத் தானே கோத்து இரவு பகலாக அனுப்பும். கருவின் புதிய பகுதியொன்றை இயக்கிய அழைப்புக்களை மேலும் திரித்து முயலும்.

நான் ஆராய்ந்த அறிக்கையும் தானியங்கிச் சோதனையொன்று தந்ததே. விடுவிக்கப்பட்ட நினைவிடத்தைக் கரு படித்துவிட்டது என்பது அதன் சாரம். படித்தது, குறித்த நேரத்தில் இயங்கும் டைமர்ச் செயல். விடுவித்தது, இணைப்பை மூடும் செயல். ஆனால், மூடும் செயல் டைமரை நீக்கிய பின்னரே நினைவிடத்தை விடுவித்திருந்தது. நீக்கப்பட்டது எவ்வாறு இயங்கிற்று?

நீக்கும் கட்டளை, காத்திருக்கும் டைமரை மட்டுமே எடுத்துவிடும். வேறொரு செயலியில் ஏலவே ஓடத் தொடங்கியதை அது நிறுத்தாது. முடியும்வரை காத்திருக்கவும் மாட்டாது. இறந்ததை நிகழ்வதெனக் கொண்ட கால வழு இதுவே.

உடன் பணிபுரிந்த நண்பர், டைமர்ச் செயலின் தொடக்கத்தில் ‘இணைப்பு மூடப்பட்டதா?’ என வினவும் வரியொன்றைச் சேர்த்தார். இரவு முழுவதும் சோதனை ஓடியது, கரு வீழவில்லை. “இனி அனுப்பிவிடலாம்” என்றார் அவர். நான் உடன்படவில்லை. வினவும் கணத்திற்கும் பயன்படுத்தும் கணத்திற்கும் இடையே நினைவிடம் பறிபோகலாம் அன்றோ? அவ்வரிக்குப் பின்னே சிறு தாமதமொன்றைப் புகுத்தினேன். முன்னர் எப்போதோ ஒருமுறை வீழ்ந்த கரு, இப்போது ஒவ்வொரு முறையும் வீழ்ந்தது. நண்பர் தம் வரியைத் தாமே அழித்தார்.

ஓடும் டைமர் முடியும்வரை காத்திருக்கும் கட்டளையும் கருவில் உண்டு. ஆயின் மூடும் செயல் பூட்டொன்றைப் பிடித்திருந்தது. டைமர்ச் செயலும் அப்பூட்டையே நாடியது. பூட்டுடன் காத்திருப்பின் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் என்றென்றைக்கும் நின்றுவிடும். எனவே முதலில் பூட்டை விடுத்து, பின்னர் காத்திருந்து, இறுதியில் நினைவிடத்தை விடுவிக்குமாறு ஒழுங்கை மாற்றினோம். மாற்றிய வரிகள் மிகச் சில. அவற்றை அடையச் சென்ற நாட்கள் பல.

சோதனை தேறிய அன்றே நாம் ஓய்ந்திருப்பின் எவரும் எம்மைக் குறைகூறியிரார். ஆயினும் விடுவிக்கப்பட்ட நினைவிடத்தில் தீயோர் ஒருவர் தாம் விரும்பியதை வைக்க வல்லராயின், பொறியின் ஆட்சியே அவர் கைக்கு மாறக்கூடும். அப்பொறி எவருடையது என்பதை நாம் அறியோம்.

இலக்கணத்தில் வழுவமைதி என ஒன்று உண்டு; காரணம் நோக்கிச் சில வழுக்களை ஏற்றுக்கொள்வர். கருவிலே அத்தகைய அமைதிக்கு இடமில்லை. வீழ்ந்த இடத்தைச் சோதனைக் கருவி சுட்டும். வழுவிய இடத்தைத் தேடும் கடமை இன்னும் மனிதரிடமே உள்ளது.