நம் ஆறு போய்ச் சேரும் காடு

காட்டு விலங்கு என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்காதான் நினைவுக்கு வருகிறது. தொலைக்காட்சியில் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்துப் பார்த்து, விலங்கினம் எல்லாம் கென்யாவிலும் தான்சானியாவிலும்தான் குடியிருக்கிறது என்று எண்ணிவிட்டார்கள். பெரும்பொருள் செலவிட்டு அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் தூரத்தில் நமக்கும் ஒரு காடு இருக்கிறது. அதுதான் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் 22 பேரை அங்கே அழைத்துச் சென்றோம்.

பஸ்ஸுக்குப் பணம் திரட்டியபோது ஒரு பாட்டியம்மா கேட்டார்: "காட்டைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகணுமா வாத்தியாரே? காலமெல்லாம் நான் காட்டிலேதானே கிடந்தேன்!"

நியாயமான கேள்விதான். தோட்டத்தில் வேலைக்குப் போவதையே "காட்டுக்குப் போவது" என்றுதான் நாம் சொல்கிறோம். பால்மரக் காடு போய் இன்று செம்பனைக் காடு வந்திருக்கிறது. ஆனால் நிரை பிடித்து ஒரே மரத்தை நட்டு வைத்தால் அது காடாகிவிடாது. உண்மையான காட்டில் நூறு வகை மரம், நூறு வகை உயிர், ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

கெர்லிங்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வழியாகப் போய், முதலில் புக்கிட் மெலாவத்தி குன்றில் ஏறினோம். அங்கே லோத்தோங் எனும் சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. தாய் கறுப்பாக இருக்க, மடியில் இருந்த குட்டி செம்பொன் நிறத்தில் இருந்தது! "சார், வேற குரங்கோட குட்டியைத் தூக்கிட்டு வந்துடுச்சு!" என்றான் ஒரு பையன். அது அதனுடைய குட்டியேதான். பிறக்கும்போது அந்த நிறம். சில மாதங்களில் தாயின் நிறம் வந்துவிடும். கூட்டத்தில் உள்ள மற்றப் பெண் குரங்குகளும் குட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும். கென்யாவின் காக்காமேகா மழைக்காட்டில் கொலோபஸ் என்ற கறுப்பு வெள்ளைக் குரங்கு உண்டு. அதுவும் லோத்தோங்கின் உறவினம்தான். அதன் குட்டி பிறக்கும்போது வெள்ளை வெளேர் என்றிருக்கும்.

இவ்விரண்டுக்கும் இலைதான் முக்கிய உணவு. மாட்டைப் போலவே இவற்றின் வயிறும் பல அறைகள் கொண்டது. இலையைச் செரிக்கவென்றே அமைந்த அந்த வயிற்றுக்கு நாம் அன்போடு நீட்டும் ரொட்டியும் மிட்டாயும் கெடுதலையே செய்யும். ஆகவே கையிலிருந்த பொட்டலங்களைப் பைக்குள் வைக்கச் சொன்னேன்.

குன்றின் அடிவாரத்தில் பூங்கா. இந்த நிலத்தைக் கோல்ஃப் திடலாக்கும் திட்டம் ஒரு காலத்தில் இருந்தது. இயற்கைக் கழகத்தார் எடுத்துச் சொன்னதன் பேரில் 1987-இல் அது பூங்காவாயிற்று. உள்ளே கடலோரச் சதுப்புக்காடு. சேற்றுக்குள் காற்று இல்லாததால், மரங்களின் வேர்கள் மேல்நோக்கிக் குச்சி குச்சியாக நீட்டி மூச்சு விடுகின்றன. சேற்றில் தாவித் திரியும் மீனையும், ஒரு கை மட்டும் பெருத்த நண்டையும் பார்த்துப் பிள்ளைகள் நகர மறுத்தார்கள். மீனும் இறாலும் குஞ்சுப் பருவத்தில் வளரும் தொட்டில் இந்தச் சேறுதான். நம் வீட்டு மீன் குழம்புக்கும் இந்தக் காட்டுக்கும் தொடர்பு உண்டு என்றதும் வியப்போடு பார்த்தார்கள்.

இருட்டியதும் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் ஏறினோம். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள். எல்லாம் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைந்தன. தீபாவளி விளக்கெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்! வாய் ஓயாத பிள்ளைகளும் மௌனமானார்கள்.

அப்போது ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள்: "இந்த ஆறு எங்கேயிருந்து சார் வருது?"

"நம்ம பக்கத்திலிருந்துதான் அம்மா" என்றேன். கோலகுபு பாருவுக்குக் கிழக்கே உள்ள மலையில் பிறந்து வருவது சிலாங்கூர் ஆறு. நம் கெர்லிங் ஆறும் அதில்தான் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில்தான் மின்மினி வாழ்கிறது. புழுப் பருவத்தில் அது ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. பூச்சி மருந்து கரைந்து வந்தால் நத்தையும் போகும், மின்மினியும் போகும். கரை மரத்தை வெட்டினால் அதற்கு வீடே இல்லை. கரையில் ஒரு வேர்ப் பின்னலில் உரச்சாக்கு ஒன்று சிக்கியிருந்ததைப் படகோட்டியின் விளக்கொளியில் எல்லாரும் பார்த்தோம். எந்தத் தோட்டத்துச் சாக்கோ! ஆனால் மேலேயிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

சிங்கத்தைக் காக்கும் பொறுப்பு நம் கையில் இல்லை. இந்த மின்மினியைக் காக்கும் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. மருந்து டின்னை ஓடையில் கழுவாமல் இருப்பதும், குப்பையை ஆற்றங்கரையில் கொட்டாமல் இருப்பதும் ஆண் பெண் எல்லாராலும் ஆகக்கூடியவை. பணமும் வேண்டாம், பதவியும் வேண்டாம்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் போனால் பறவைகளைப் பார்க்கலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடநாட்டுக் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளும் சேற்றுக்கரையில் இருக்கும். கொசு மருந்தும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். படகில் டார்ச் அடிக்காதீர்கள். வீடு திரும்பிய பின், வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் காட்டி, "இது எங்கே போகிறது தெரியுமா?" என்று கேளுங்கள். விடை சொல்லும் பிள்ளை அதில் ஒரு நெகிழித் தாளைக்கூடப் போடாது.